நீண்ட விமானப் பயணத்தில் புட்டிப்பால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கைக்குழந்தையுடன் நெடுந்தூரம் பறக்கவிருக்கும் பெற்றோரிடமிருந்தும் தாத்தா பாட்டிகளிடமிருந்தும் வந்த கடிதங்களில், புட்டிப்பால் தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டுள்ளோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து மாதம். பவுடர் பால்தான் குடிக்கிறாள். அடுத்த மாதம் அவளுடன் 14 மணி நேரம் இடைநில்லாமல் பறக்கும் விமானத்தில் செல்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்பி, போய்ச் சேரும் வரை 20 மணி நேரம் ஆகிவிடும். எத்தனை புட்டிகள் எடுத்துச் செல்வது? விமானத்திலேயே கழுவிப் பயன்படுத்தலாமா? தண்ணீருக்கு என்ன செய்வது?

பதில்: பறக்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடாமல், வீட்டுக் கதவைப் பூட்டும் நேரத்திலிருந்து, போய்ச் சேரும் இடத்தில் அடுப்பும் சுத்தமான தண்ணீரும் கைக்குக் கிடைக்கும் நேரம் வரை கணக்கிடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குடிக்கும் குழந்தைக்கு 20 மணி நேரத்தில் ஐந்து வேளைப் பால் தேவைப்படும். விமானம் தாமதமாகலாம், வேறு ஊரில் இறக்கப்படலாம், குழந்தை வழக்கத்தைவிட அடிக்கடி பால் கேட்கலாம் என்பதால், மேலும் மூன்று வேளைக்குச் சேர்த்து எட்டு வேளைக்குத் தயாராகச் செல்வது நல்லது. பவுடருக்கு எடை அதிகமில்லை. ஒவ்வொரு வேளைக்கும் உரிய பவுடரை, டப்பாவோடு வரும் கரண்டியால் தலைதட்டி அளந்து, நன்றாகக் கழுவி ஈரமில்லாமல் உலர்த்திய சிறு டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். விமானம் குலுங்கும்போது மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, அரை இருட்டில் கரண்டிக் கணக்கை எண்ணுவது எளிதல்ல. ஐந்து கரண்டியா ஆறு கரண்டியா என்ற குழப்பம் அப்போதுதான் வரும்.

புட்டிகளை விமானத்தில் கழுவ வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கழிப்பறைக் குழாயில் வருவது குடிப்பதற்கான நீர் அல்ல; அதில் அலசிய புட்டி, அலசாத புட்டியைவிட மோசமானது. ஆகவே வேளைக்கு ஒன்றாக, வீட்டிலேயே கிருமி நீக்கம் செய்து, நிப்பிளையும் மூடியையும் பொருத்தி இறுக மூடிய புட்டிகளை எடுத்துச் செல்லுங்கள். குடித்து முடித்த புட்டியில் மிஞ்சியதைக் கொட்டி, உட்புறத்தை டிஷ்யூ தாளால் துடைத்து, தனியாக ஒரு ஜிப் பையில் போட்டுவிட்டால் போதும். கழுவுவதைப் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். எட்டுப் புட்டிகளுக்குப் பையில் இடமில்லை என்றால், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் உட்பைகள் கொண்ட புட்டிகள் கிடைக்கின்றன. அவற்றில் புட்டியின் கூடு ஒன்றோ இரண்டோ இருந்தால் போதும், உட்பையையும் நிப்பிளையும் மட்டும் மாற்றிக்கொண்டே வரலாம்.

தண்ணீர் பற்றிய கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பால்பவுடர் டப்பா சீல் வைத்துத்தான் வருகிறது. ஆனாலும் உள்ளே இருக்கும் பவுடர் முற்றிலும் கிருமியற்றது அல்ல. குரோனோபாக்டர், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அரிதாக அதில் இருக்க வாய்ப்புண்டு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பவுடரை 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத நீரில் கலக்கும்படி சொல்கிறது. அந்தச் சூடு பவுடரில் இருக்கும் கிருமிகளைக் கொல்வதற்காக. தண்ணீரைச் சுத்தம் செய்வதற்காக மட்டுமல்ல. வெதுவெதுப்பான நீரில் கலப்பதால் இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

கொதிக்கவைத்த நீரை நல்ல ஃபிளாஸ்கில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடினால், சில மணி நேரம் 70 டிகிரிக்கு மேல் இருக்கும். விமான நிலையத்திலும் பயணத்தின் முதல் பாதியிலும் அந்த நீரைப் பயன்படுத்துங்கள். புட்டியில் முதலில் நீரை அளவுக்கோடு வரை ஊற்றி, பிறகு பவுடரைப் போட்டு, மூடிக் குலுக்குங்கள். பிறகு பணியாளரிடம் ஒரு கோப்பையில் குளிர்ந்த நீர் கேட்டு வாங்கி, புட்டியின் மூடிக்குக் கீழே நீர்மட்டம் இருக்குமாறு அதில் நிறுத்தி ஆறவையுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டால் சூடு தெரியக் கூடாது. இதற்குப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஆகும் என்பதால், குழந்தை கையைச் சப்பத் தொடங்கும்போதே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்; வீறிட்டு அழும்வரை காத்திருந்தால் சூட்டைப் பார்க்கும் பொறுமை உங்களுக்கு இருக்காது.

பயணத்தின் பின்பாதிக்கு, பவுடரை நம்பாமல், கலக்காமலே கொடுக்கக்கூடிய திரவப் பாலை எடுத்துச் செல்வதே என் பரிந்துரை. அது கிருமி நீக்கப்பட்டு, சிறு புட்டிகளில் அடைத்து வருகிறது. திறந்து, நிப்பிளைப் பொருத்தி, அப்படியே கொடுக்கலாம். பவுடரைவிட விலையும் எடையும் கூடுதல்தான். இருந்தாலும் ஃபிளாஸ்க் ஆறிப்போன பத்தாவது மணி நேரத்தில் அதன் அருமை தெரியும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை ஆகியோருக்குப் பயணம் முழுவதும் திரவப் பாலே ஏற்றது. அதே வகைப் பாலை ஊரில் இருக்கும்போதே ஓரிரு முறை கொடுத்துப் பார்த்துவிடுங்கள். புதுச் சுவையை வானத்தில் அறிமுகப்படுத்த வேண்டாம்.

விமானத்தின் சமையலறைப் பகுதியில் தரும் வெந்நீர் பெரும்பாலும் விமானத்தின் தொட்டியிலிருந்து வருவது. புட்டியை வெளியிலிருந்து சூடாக்க அது போதும்; பால் கலக்க அதைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. ஃபிளாஸ்க் நீரும் தீர்ந்து, திரவப் பாலும் தீர்ந்துபோனால், உங்கள் மகளைப் போல இரண்டு மாதம் கடந்த ஆரோக்கியமான குழந்தைக்கு, சீல் உடைக்காத குடிநீர்ப் புட்டியைப் பணியாளரிடம் கேட்டு வாங்கி, அந்த நீரில் கலந்து உடனே கொடுக்கலாம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையங்களின் அறிவுரை இதை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை இதைவிடக் கண்டிப்பானது. வேறு வழியே இல்லாதபோது கைக்கொள்ளும் வழியாக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் நான்கு மாதக் குழந்தையுடன் தனியாக வெளிநாடு செல்கிறாள். மூன்று வேளைக்கான பாலை வீட்டிலேயே கலந்து, சூடாக ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறேன் என்றால், கூடவே கூடாது என்கிறாள். பால் சூடாகத்தானே இருக்கும், எப்படிக் கெடும்?

பதில்: அம்மா, உங்கள் மகள் சொல்வதே சரி. அவர் தனியாகச் சிரமப்படக் கூடாதே என்ற உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேளுங்கள்.

ஃபிளாஸ்கில் ஊற்றிய பால் கொதிநிலையில் நீடிப்பதில்லை. மெல்ல மெல்லச் சூடு இறங்கி, கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு வந்து, அந்த நிலையிலேயே பல மணி நேரம் இருக்கும். கிருமிகள் மிக வேகமாகப் பெருகுவது அந்த வெதுவெதுப்பில்தான். தயிருக்கு உறை ஊற்றும்போது பாலை எந்தச் சூட்டில் வைக்கிறோமோ, ஏறத்தாழ அதே சூட்டில் குழந்தையின் பாலை மூடி வைத்ததாகிவிடும். வெறும் வெந்நீரை ஃபிளாஸ்கில் கொண்டுபோவதற்கும், கலந்த பாலைக் கொண்டுபோவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: கொதித்த நீரில் கிருமிகளுக்கு உணவில்லை, பாலில் அது நிறையவே இருக்கிறது. மணத்திலோ சுவையிலோ மாற்றம் தெரிவதற்கு முன்பே அந்தப் பால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் அளவுக்குக் கெட்டிருக்கக்கூடும்.

கலந்த பாலுக்கு உரிய கால அளவுகளை உங்கள் மகளிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள், அது பெரிய உதவியாக இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் கலந்து வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குழந்தை வாய்வைத்துக் குடிக்கத் தொடங்கிவிட்டால், அந்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரம்தான். எச்சில் கலந்த பாலில் கிருமிகள் இன்னும் விரைவாகப் பெருகும். முன்கூட்டியே கலந்துதான் ஆக வேண்டும் என்றால், குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது ஒரு மணி நேரம் வைத்து நன்றாகக் குளிரவைத்து, ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பையில் எடுத்துச் சென்று, நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடலாம். விமானம் ஏறுவதற்கு முன் ஒரு வேளைக்கு இது வசதியாக இருக்கும். மூன்று வேளைக்கு ஒத்துவராது.

அரைப் புட்டிப் பாலைக் கொட்டுவதற்கு யாருக்கும் மனம் வருவதில்லை. வீணாகிறதே என்று எடுத்து வைத்து, தூங்கி எழுந்த குழந்தைக்கு அதையே கொடுப்பதுதான் நீண்ட பயணங்களில் அதிகம் நடக்கும் தவறு. ஆகையால் ஒரு வேளைக்கு 150 மில்லி குடிக்கும் குழந்தைக்கு முதலில் 90 மில்லி கலந்து கொடுத்து, இன்னும் கேட்டால் மறுபடி 60 மில்லி கலந்து கொடுக்கலாம். வீணாவது குறையும், கொட்டும்போது மனமும் தடுக்காது. இதற்கேற்ப, உங்கள் பேரக்குழந்தையின் பவுடர் டப்பாக்களையும் சிறு சிறு அளவுகளாகப் பிரித்துக் கட்டிக் கொடுங்கள்.

கேள்வி: நான் மட்டும் என் ஏழு மாத மகனை அழைத்துச் செல்கிறேன், மனைவி பின்னர் வருகிறார். 100 மில்லிக்கு மேல் திரவம் கொண்டுபோகக் கூடாது என்கிறார்களே, பாலையும் தண்ணீரையும் பாதுகாப்புச் சோதனையில் பறித்துவிடுவார்களா?

பதில்: கைப்பையில் கொண்டுசெல்லும் திரவங்களுக்கான 100 மில்லி வரம்பு 2006-க்குப் பிறகு உலகின் பெரும்பாலான விமான நிலையங்களில் வந்தது. குழந்தையின் பாலுக்கு அதிலிருந்து பரவலாக விலக்கு உண்டு. ஆனால் விலக்கின் விவரம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் குழந்தைக்கான பால், தாய்ப்பால், அவற்றைக் குளிர்விக்கும் ஐஸ் பேக் ஆகியவற்றை நியாயமான அளவில் 100 மில்லிக்கு மேலும் கொண்டுசெல்லலாம். பிரிட்டனில் பயணத்துக்குத் தேவையான அளவு குழந்தைப் பாலையும் கிருமி நீக்கிய நீரையும் கொண்டுசெல்லலாம்; ஆனால் குழந்தை உடன் இருக்க வேண்டும். நீங்கள் கிளம்பும் இடத்தின் விதியைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வழியில் விமானம் மாறும் இடத்தில் மறுபடியும் சோதனை நடக்கும். அங்கே அந்த நாட்டின் விதியே செல்லும். இரண்டாவது சோதனையில் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் பெற்றோரின் கடிதங்கள் எங்களுக்குத் தொடர்ந்து வருகின்றன.

வரிசையில் நிற்கும்போதே பால், தண்ணீர், பவுடர் மூன்றையும் தனிப்பையில் எடுத்து வைத்துக்கொண்டு, சோதனை அதிகாரியிடம் நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். பவுடரை அதன் பெயர் அச்சிட்ட டப்பாவிலேயே ஒரு பகுதி வைத்திருப்பது விளக்கம் சொல்ல எளிதாக இருக்கும். சீல் வைத்த திரவப் பாலைத் திறக்கச் சொன்னால், திறந்தால் அது குழந்தைக்குப் பயன்படாது என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லி, திறக்காமல் சோதிக்க வழி உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் உண்டு. வெந்நீர் ஃபிளாஸ்கைப் பொறுத்தவரை, அதைக் காலியாகக் கொண்டுபோய், சோதனை முடிந்த பிறகு உள்ளே இருக்கும் தேநீர்க் கடையில் கொதிக்கும் நீரைக் கேட்டு நிரப்பிக்கொள்வதே சிக்கலில்லாத வழி. அப்படிச் செய்தால் நீர் அதிக நேரம் சூடாகவும் இருக்கும்.

கேள்வி: சென்ற முறை விமானத்தில் புட்டியைத் திறந்ததும் பால் பீய்ச்சி அடித்து உடையெல்லாம் நனைந்துவிட்டது. இறங்கும்போது குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுதது. புட்டி கொடுத்தால் காது வலிக்காது என்றார்கள், கொடுத்தும் பயனில்லை. ஏன்?

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், காற்றழுத்தம். விமானம் உயரே பறக்கும்போது அறைக்குள் இருக்கும் அழுத்தம் தரையில் உள்ளதைப் போல இருப்பதில்லை; 1,800 முதல் 2,400 மீட்டர் வரை உயரமுள்ள ஒரு மலைமேல் இருக்கும் அழுத்தத்துக்கே அது சமம். தரையில் இறுக மூடிய புட்டிக்குள் அடைபட்ட காற்று, அங்கே கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை விரிய முயல்கிறது. வெளியேற வழியில்லாததால் பாலை அழுத்துகிறது. மூடியை எடுத்தவுடன் நிப்பிளின் துளை வழியாகப் பால் பீய்ச்சுகிறது. தரையில் பாலைக் கலந்து எடுத்துச் செல்லாமல் மேலே போய்க் கலந்தால் இந்தத் தொல்லை இல்லை. கலந்தே கொண்டுபோயிருந்தால், புட்டியை நிமிர்த்திப் பிடித்து, நிப்பிளைப் பொருத்தியிருக்கும் வளையத்தை அரைச்சுற்றுத் தளர்த்தி, காற்று வெளியேறியதும் மறுபடி இறுக்கிவிட்டுக் கொடுங்கள்.

காதில் நடப்பதும் இதைப் போன்றதே. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் இரு பக்க அழுத்தமும் சமமாகும். விழுங்கும்போதும், உறிஞ்சும்போதும், கொட்டாவி விடும்போதும், அழும்போதும்கூட அது திறக்கும். கைக்குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குறுகலானது. ஏறும்போது நடுக்காதில் உள்ள காற்று தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் காற்று உள்ளே போக வேண்டியிருப்பதால் குழாய் அடைத்துக்கொள்கிறது. எனவே வலி பெரும்பாலும் இறங்கும்போதுதான் வருகிறது.

நீங்கள் கொடுத்தும் பயனில்லாமல் போனதற்கு நேரம் தவறியது காரணமாக இருக்கலாம். தரையிறங்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்ததும் பலர் புட்டியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பசித்த குழந்தை பத்து நிமிடத்தில் காலி செய்துவிடுகிறது. விமானம் இறங்கித் தரையைத் தொட அதன்பிறகும் இருபது நிமிடம் இருக்கிறது. அதற்குள் வயிறு நிறைந்துவிட்டதால் குழந்தை மறுபடி வாய் திறப்பதில்லை. கடைசி வேளைப் பாலை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, உங்கள் காது அடைப்பதை உணரும்போது முதல் பகுதியைத் தொடங்குங்கள். சிறு துளையுள்ள நிப்பிளைப் போட்டால் குடிக்க நேரம் பிடிக்கும். இடையிடையே சூப்பானைக் கொடுக்கலாம். கிளம்பும்போதும் அவசரப்பட வேண்டாம். விமானம் ஓடுபாதையில் வெகுநேரம் நிற்பதுண்டு, சக்கரம் தரையை விட்டு எழும்பும்போது தொடங்கினால் போதும்.

இறங்கும்போது குழந்தை ஆழ்ந்து தூங்கினால், பாலுக்கு எழும் நேரம் நெருங்கியிருந்தாலொழிய எழுப்ப வேண்டாம். வலியில் எழுந்து அழுதாலும், அந்த அழுகையே குழாயைத் திறக்க உதவும். குழந்தைக்கு மூக்கடைப்போ காது நோயோ இருந்தால், பயணத்துக்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அந்த நிலையில் புட்டியால் மட்டும் வலியைத் தடுக்க முடியாமல் போகலாம். பால் கொடுக்கும்போது தலையை உயர்த்தி, சாய்வாக மடியில் வைத்துக் கொடுங்கள். தொட்டிலில் படுக்கவைத்து, தலையணையில் புட்டியைச் சாய்த்து வைத்துவிடுவது புரையேறவும் மூச்சுத் திணறவும் வழி செய்யும். குடலில் உள்ள காற்றும் உயரத்தில் விரிவதால், வீட்டில் ஒருமுறை தட்டி ஏப்பம் விடச் செய்கிறீர்கள் என்றால் இங்கே பாதிப் பாலிலும் ஒருமுறை செய்யுங்கள்.

கேள்வி: நான் தாய்ப்பாலைப் பிழிந்து எடுத்துப் புட்டியில் கொடுக்கிறேன். விமானப் பணியாளர்கள் அவர்களுடைய குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொடுப்பார்களா?

பதில்: அதை நம்பிப் போகாதீர்கள். சுகாதார விதிகளைக் காட்டி மறுப்பவர்களே அதிகம், அவர்கள் மேல் குறை சொல்லவும் முடியாது. அதே வேளையில், தாய்ப்பால் உங்களுக்குப் பவுடர் பாலைவிடக் கூடுதல் அவகாசம் தருகிறது. புதிதாகப் பிழிந்த பால் 25 டிகிரி வரையுள்ள அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். உறைந்த ஐஸ் பேக்குகள் வைத்த நல்ல குளிர்ப்பையில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். உறைந்த பாலை உருக்கி அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது. பிரிட்டனில் உறைந்த தாய்ப்பாலைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை. திரவமாக இருந்தால், ஒரு கொள்கலனில் 2,000 மில்லிக்கு மிகாமல் கொண்டுசெல்லலாம், குழந்தை உடன் இல்லாவிட்டாலும் அனுமதி உண்டு. விமானத்தில் பிழிய வேண்டியிருந்தால் கையால் இயக்கும் பம்ப் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மின்கலம் தீர்ந்துபோன பம்பால் மார்பு கட்டிக்கொண்டு தவிக்க நேரிடும்.

கேள்வி: என் குழந்தை சூடு இல்லாத பாலைத் தொடுவதே இல்லை. என்ன செய்வது?

பதில்: பாலைச் சூடாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் உடல்நலத்தைப் பொறுத்தவரை இல்லை, அது பழக்கம் மட்டுமே. பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே ஒவ்வொரு நாளும் சூட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். பெரும்பாலான குழந்தைகள் அறை வெப்பத்தில் உள்ள பாலுக்குப் பழகிவிடுகிறார்கள். பழகாவிட்டால் கோப்பையில் வெந்நீர் வாங்கிப் புட்டியை அதில் நிறுத்துங்கள். அந்தக் கோப்பையைக் குழந்தையின் கை எட்டும் மேசையில் வைக்க வேண்டாம், விமானம் குலுங்கினால் முதலில் கவிழ்வது அதுதான். மைக்ரோவேவில் சூடாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் மறுத்துவிடுங்கள். புட்டி வெதுவெதுப்பாகத் தெரியும்போதே உள்ளே சில இடங்களில் பால் குழந்தையின் வாயைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கக்கூடும்.

கேள்வி: விமானத்துக்குள் காற்று வறண்டிருக்கும் என்கிறார்கள். நான்கு மாதக் குழந்தைக்குப் பாலில் கொஞ்சம் தண்ணீர் கூடுதலாகச் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கவே கூடாது. அறைக்குள் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் குறைவாக இருப்பதுண்டு; ஆனால் அதற்கு மருந்து நீர்த்த பால் அல்ல. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் சிறுநீரகம் அதிகப்படியான நீரை வெளியேற்றும் அளவுக்கு வளர்ந்திருப்பதில்லை. பாலை நீர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகலாம். டப்பாவில் எழுதியுள்ள அளவிலேயே கலந்து, சற்று அடிக்கடி கொடுங்கள். டயப்பர் வழக்கம்போல நனைகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: போய்ச் சேரும் இடத்தில் கடிகாரம் ஒன்பது மணி நேரம் பின்னால் இருக்கிறது. எந்த நேரப்படி பால் கொடுப்பது?

பதில்: விமானத்தில் இருக்கும்வரை கடிகாரத்தை மறந்துவிட்டு, கடைசியாகப் பால் குடித்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதை மட்டும் பாருங்கள். கலந்த நேரத்தையும் குடித்த நேரத்தையும் புட்டியின்மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். செல்பேசி நடுவழியில் தானாக நேரத்தை மாற்றிக்கொண்டு உங்களைக் குழப்பும் என்பதால், கிளம்பிய ஊரின் நேரத்தைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அதன்படியே எழுதுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு பகலில் வெளிச்சத்திலும் இரவில் இருட்டிலும் குழந்தையை வைத்திருந்தால், சில நாட்களில் பால் நேரமும் அந்த ஊருக்கேற்ப மாறிவிடும். அதுவரை நள்ளிரவில் பசித்து அழுதால் தயங்காமல் கொடுங்கள்.